நாவல் மரத்தில் என் போன்

கல்வராயன் மலையில் எங்கள் பஞ்சாயத்துக்கு நடு எது என்று கேட்டால் வரைபடம் ஏதோ ஓர் ஊரைக் காட்டும். என்னைக் கேட்டால் அது ஒரு நாவல் மரம். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் போனை மஞ்சப்பையில் போட்டுக் கிளையில் மாட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். மணி அடித்தால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துப் பேசி, எதிர்ச்சரிவுக்குக் குரல் கொடுப்பார். கள்ளக்குறிச்சியிலிருந்து பைக்கில் துணி கொண்டுவரும் பாய்கூட ஒரு பையை மாட்டிவிட்டுத்தான் வியாபாரத்துக்குப் போவார்.

நான் மணலூர்பேட்டைக்காரி, மாற்றலாகி வந்த நர்ஸ். என் போனை அடுத்தவர் எடுப்பதாவது? கையை விட்டு இறக்கமாட்டேன்.

அன்று ஊரில் தங்கைக்குப் பிரசவ வலி. முன்பு உண்டானது எதுவும் தங்கவில்லை. விடிந்ததிலிருந்து மரத்தடியில் நின்றேன். பனி ஏறிவந்து என்னையும் மூடியது. பைகளுக்குள் யார் யாருடைய போன்களோ மினுக்கின. விழித்திருக்கிறேனா என்றே சந்தேகமாக இருந்தது. ஓடைக்கு அந்தப்பக்கம் தடுப்பூசிக்குக் குழந்தைகள் காத்திருந்தார்கள்.

மாடு மேய்க்க வரும் அக்கா கை நீட்டினார்.

"குடுத்துட்டுப் போங்க நர்சம்மா. நான் இங்கதான இருக்கேன்."

மனசில்லாமல் கொடுத்தேன்.

எதிர்ச்சரிவு பக்கத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். இறங்கி, ஓடை தாண்டி, ஏறுவதற்குள் மதியமாகிவிடும். ஊசி போடும்போதும் காது மரத்துப் பக்கமே இருந்தது. அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது. ஓடையில் துணி துவைத்தவர் அதை வாங்கி மேலே அனுப்பினார். மேட்டில் நின்றவர் வாங்கி என்னிடம் சொன்னார்.

"பொண்ணு பொறந்துக்குதாம். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம்."

ஊசிக்கு அழுத குழந்தைகளோடு உட்கார்ந்து நானும் அழுதேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது போன் ஒரு மஞ்சப்பையில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"போன எடுத்தது யாருடி? நான் அழுதுக்கினே சொன்னேன். அவங்களும் அழுதுட்டாங்க. அவங்க பேரையே புள்ளைக்கு வைக்கணுமாம், உன் தங்கச்சி சொல்றா. அவங்க பேரு இன்னா?"

எனக்குத் தெரியாது. வந்த நாளிலிருந்து தினமும் பார்த்தும் கேட்டதில்லை. அக்கா மாடுகளோடு இறங்கிப் போயிருந்தார். சரிவைப் பார்த்தேன், பனிதான் இருந்தது. வாயருகே கைகளைக் குவித்தேன்.

"அக்கா, உங்க பேரு இன்னா?"

கீழே யாரோ அதை வாங்கிக் கேட்டார்கள். அதற்கும் கீழே இன்னொருவர் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, வாய் மாறி வாய் மாறி, அந்தப் பெயர் மேலேறி வந்தது.