என்னைவிட மூத்த விமானம்

விமானப்படையில் பழுதுபார்க்கச் சேருகிறவனுக்கு முதல்நாளே சொல்லித்தருவது, யாரையும் நம்பாதே என்பதைத்தான். அந்தப் பாடத்தைத் தானாகவே படித்துவைத்திருக்கும் மாமனார் வாய்த்த உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

கீழப்பாவூர் விசாரணை

பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. கேசரித் தட்டு கைக்கு வருமுன்னே, நான் வேலை பார்க்கும் விமானத்துக்கு என்ன வயசு என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், என்னைவிட ஐந்து வயசு மூத்தது என்று சொல்லித் தொலைத்தேன். மனுஷன் முகமே மாறிவிட்டது. அவர் மகன் ராணுவத்தில் இருக்கிறான். லீவுக்கு அந்த மாதிரி விமானத்தில்தான் பாதி வழி வருகிறான்.

நான் விடவில்லை. வயசு கணக்கில்லை, எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை தடவை தரையிறங்கியது என்பதுதான் கணக்கு என்றேன். இன்ஜின் மாற்றியாச்சு, வயரெல்லாம் மாற்றியாச்சு, இறக்கைத் தகடுகூடப் புதுசு என்று அடுக்கினேன். எல்லாம் சரி என்று நான் கையெழுத்து போட்டால்தான் பறக்கும் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"அதெல்லாம் இருக்கட்டும். நீங்க கையெழுத்து போட்ட விமானத்துல நீங்க ஏறுவியளா?"

சிவப்புக் கோடு

பழைய விமானத்தில் எங்கள் எதிரி விரிசல். பறக்கும்போதெல்லாம் இறக்கை கொஞ்சம் வளைந்து நிமிரும். வருஷக்கணக்கில் வளைந்த தகடு ஒருநாள் கீறல்விடும். கண்ணுக்குத் தெரியாது. சிவப்புச் சாயத்தைத் தடவி, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி போடுவோம். விரிசல் இருந்தால் சாயம் கசிந்து கோடாக வரும்.

கல்யாணமான புதுசில் இறக்கைத் தகட்டில் ஒரு ரிவெட் ஆணிக்குப் பக்கத்தில் கோடு வந்தது. அழுக்காகத்தான் இருக்கும் என்று துடைத்துவிட்டேன். எங்கள் மேலதிகாரி, புளியறை தாண்டிக் கேரளப் பக்கம் புனலூர்க்காரர், பின்னால் நின்று பார்த்திருக்கிறார். மறுபடி சாயம் தடவச் சொன்னார். அதே இடத்தில் அதே கோடு.

"எடே, முதல்ல விரிசல்னு வச்சுக்கோ. அழுக்குன்னு தெரிஞ்சா பெறவு சந்தோஷப்படு" என்றார்.

காலிக் குழி

போன வருஷம், ராணுவத்தில் இருக்கும் அந்த மச்சானின் மகளுக்கு இலஞ்சி முருகன் கோவிலில் காதுகுத்து. மச்சான் லீவு வாங்கி, எங்கள் விமானத்திலேயே மற்ற ஜவான்களோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

எங்கள் கருவிப்பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் அளவில் ஒரு குழி. ஒவ்வொன்றிலும் பெட்டியின் நம்பர் பொறித்திருக்கும். வேலை முடிந்ததும் குழிகளை எண்ணிவிட்டுத்தான் கையெழுத்து. அன்றைக்கு அவசரத்தில் மேலோட்டமாகப் பார்த்திருந்தேன். மனசு கேட்காமல் மறுபடி திறந்தால், சின்ன ஸ்க்ரூடிரைவர் குழி காலி. சொன்னால் விசாரணை வரும், பதவி உயர்வு போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

ஓடிப்போய்ச் சொன்னேன். எல்லாரையும் இறக்கி, தரைப்பலகைகளைக் கழற்றித் தேடினோம். மச்சான் விமானத்தில் போய் இறங்கிப் பிடிக்கவேண்டிய ரயில் போய்விட்டது. அப்பா இல்லாமலே காதுகுத்து நடந்தது. என் வீட்டுக்காரி போனில் கேட்டாள்:

"ஒரு ஸ்க்ரூடிரைவருக்காவ எங்க அண்ணனை இறக்கிவிட்டியளே, அது கடையில கிடைக்காதா?"

ஐந்தருவியில் தீர்ப்பு

அருவி சீசனுக்கு ஊருக்கு வந்தபோதும் மாமனார் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போதுதான், அந்த ஸ்க்ரூடிரைவர் எங்கே கிடைத்தது என்று கேட்டார். விமானத்தின் தரைப்பலகைக்கு அடியில், வாலை இயக்கும் கம்பிக்கு ஒரு சாண் தள்ளி என்றேன். கம்பியில் சிக்கியிருந்தால் என்றார். விமானியால் விமானத்தின் மூக்கைத் தூக்கமுடியாமல் போயிருக்கும் என்றேன். துண்டை ரொம்ப நேரம் பிழிந்தார்.

பிறகு ஏட்டு கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டார்: அதில் யார் நம்பர்? என் பெட்டி நம்பர்தான் மாமா, காலையில் நான்தான் அங்கே வேலை பார்த்தேன், பதவி உயர்வும் நின்றுபோச்சு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாப்ளே, இனிமே என் மவன் ஏறுத விமானத்துக்கு நீங்கதான் கையெழுத்து போடணும். ஆனா பெட்டியை வேற ஆளு எண்ணட்டும்."

இப்போதெல்லாம் விமானத்தின் வயசை வீட்டில் யாரும் கேட்பதில்லை. நான் லீவு முடிந்து கிளம்பும்போது மட்டும், மாமனார் என் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணிப்பார்த்துத்தான் வழியனுப்புகிறார்.