எதிர்முனையில் யாரும் இல்லை

எங்கள் வீட்டுக்கு இருபத்துமூன்று படிகள். மட்டாஞ்சேரியில் கடைத்தெருவிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் கீழே ஒரு சேச்சியின் வீடு, மேலே எங்களுடையது. மரப்படிகள் செங்குத்தாக ஏறி, பதினோராவது படியில் ஒரு திருப்பம் வரும். அது சேச்சியின் அடுக்களை ஜன்னலுக்கு நேர் எதிரே. பதினாறு வருடம் ஏறி இறங்கியும் அந்தப் படிகளை நான் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண ஆரம்பித்தது நாற்பத்தாறு வயதில், ஒரு மழைக்காலத்தில்.

சுள்ளிக்கல்லில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அந்த ஜூனில் பள்ளி திறந்தபோதே ஏதோ சரியில்லை. கரும்பலகையின் மேல் வரியில் எழுதக் கையைத் தூக்கினால் தோள் கனத்தது. பலகையின் நடுவிலிருந்து எழுதத் தொடங்கினேன். பிறகு பிள்ளைகளையே கூப்பிட்டு எழுத வைத்தேன். அவர்களுக்கு அது சந்தோஷமாக இருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கினாலும் தூங்காதவள் மாதிரியே எழுந்தேன். தலையணையில் காதை வைத்தால் இதயம் காதுக்குள் அடித்தது.

என் கணவருக்கு ஏலூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. "காலைல ஒண்ணும் சாப்பிடாம ஓடறே. பின்னே எப்படி இருக்கும்?" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. வயசு, ஈரக்காற்று, வேலை என்று காரணத்துக்குப் பஞ்சமில்லை. மருந்துக்கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிப் போட்டேன். பேரீச்சம்பழம் தின்றேன், பீட்ரூட் அரைத்துக் குடித்தேன்.

மூச்சு வாங்குவது வெளியே தெரியக்கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன். எதற்கு அந்த வெட்கம் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. தெருவில் நின்றால் செருப்பு வாரைச் சரிசெய்வேன். வீட்டுப் படியில் அந்தத் திருப்பம் வரைதான் ஒரு மூச்சில் ஏற முடியும். அங்கே நின்று போனைக் காதில் வைத்துக்கொள்வேன். "ம்... ம்... அப்படியா" என்று நடுநடுவே சொல்வேன். நெஞ்சு அடங்கியதும் "சரி, வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மீதிப் படிகளை ஏறுவேன்.

ஆகஸ்டில் ஒருநாள் சாயங்காலம் அப்படி நின்றபோது அடுக்களை ஜன்னல் படாரென்று திறந்தது.

"டீச்சரே, நில்லுங்க. எனக்கு ஒண்ணு அறியணும்."

சேச்சி அறுபது தாண்டியவர், அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தமிழ் எங்களோடு பழகி வந்தது. பாதி மலையாளம் கலந்திருக்கும். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

"தினமும் இங்க நின்னு ஆரோட பேசுறீங்க? எங்க வீட்டு விஷயம் கேக்க அந்தப் பக்கம் ஆரு இருக்கா?"

அவருடைய மகள் துபாயில் இருந்தாள். தினமும் நான் வரும் நேரத்தில்தான் அவர் அவளுடன் போனில் பேசுவார். மகள் கணவனைப் பிரிந்து தனியாக இருக்கிறாள் என்ற பேச்சு அந்த வாரம் சந்தில் பரவியிருந்தது. சேச்சி யாரிடமும் சொல்லவில்லை. அப்படியானால் அதைக் கேட்டுச் சொன்னது நான்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

பதில் சொல்ல வாய் திறந்தேன். மூச்சு வந்தது, வார்த்தை வரவில்லை. அதை அவர் திருட்டு முழி என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கதவைத் திறந்து படியேறி வந்து என் கையிலிருந்த போனை வாங்கினார். திரை கறுப்பாக இருந்தது. காதில் வைத்துப் பார்த்தார்.

"இதுல ஆருமில்லையே."

"இல்லை சேச்சி. மூச்சு வாங்குது. அதான்."

அவர் என் தோளைப் பிடித்துப் படியில் உட்காரவைத்து, கட்டைவிரலால் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"காகிதம் மாதிரி வெளுத்திருக்கே மோளே. எத்தனை நாளா?"

"ஜூன்லேர்ந்து."

"அவருக்குத் தெரியுமா?"

நான் தலையசைத்தேன், இல்லையென்று. அவருக்கு அசதி தெரியும், மூச்சு வாங்குவது தெரியாது. சந்தேகப்பட்டதற்கு அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. "சாயா குடிச்சிட்டுப் போனா மதி, இப்ப ஏற வேண்டாம்" என்று உள்ளே போனார்.

அன்றைக்கே கணவரிடம் போன் நடிப்பு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். "தினமுமா நடிச்சே?" என்று கேட்டார். அது எனக்கு வலித்தது. மறுநாள் லீவு போட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

இருக்கவேண்டிய ரத்தத்தில் பாதிதான் இருந்தது. டாக்டர் என்னைவிட இளையவர். "இரும்புச்சத்து வேண்டிய அளவு இருக்கு. ரத்தம் உண்டாகுற இடத்துலதான் பிரச்சினை," என்றார். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். முடிவு வரப் பல நாள் ஆனது. வாயில் நுழையாத பெயர். என் மஜ்ஜை ரத்த அணுக்களைச் செய்கிறது, ஆனால் அவை முழுதாக வளராமலே செத்துப்போகின்றன.

"தீருமா?" என்று கணவர் கேட்டார்.

"இது மெதுவாப் போற வகை. இதோட சேர்ந்து வாழப் பழகணும்," என்றார் டாக்டர். வாராவாரம் ஊசி, ரொம்பக் குறைந்தால் ரத்தம் ஏற்ற வேண்டும்.

முதல்முறை ரத்தம் ஏற்றிய அன்று கணவருக்கு ஷிப்ட் மாற்றிக் கிடைக்கவில்லை. சேச்சி துணைக்கு வந்தார். சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்தபடி இருந்தவர், "இது ஆரு கொடுத்ததா இருக்கும்?" என்றார். நர்ஸ் அதைச் சொல்லமாட்டோம் என்றார்.

"ஆரா இருந்தாலும் நல்லா சாப்பிடுற ஆளா இருக்கட்டும்," என்றார் சேச்சி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஊசி குத்திய கையை ஆட்டாமல் சிரிக்க வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடங்கினார். மகள் விஷயம் சந்தில் பரவியது மகள் மூலமாகத்தானாம், தன்னோடு படித்த பழைய தோழி ஒருத்தியிடம் அவளே சொல்லியிருக்கிறாள். "அவளுக்கு மறைக்கணும்னு இல்ல. எனக்குத்தான் இருந்துச்சு," என்றார். அவர் முகத்தைப் பார்க்காமல் நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, கட்டிலில் போட்ட ஈரத்துண்டுக்காகக் கணவரைத் திட்டினேன். திட்டி முடித்த பிறகுதான் அத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னது உறைத்தது. அவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "இன்னும் கொஞ்சம் திட்டு," என்றார்.

இப்போது இரண்டு வருடமாகிறது. ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம். ஏற்றிய பிறகு நல்ல வாரங்கள், அதற்கடுத்து மெல்ல வற்றும் வாரங்கள். வற்றும் வாரத்தில் பரீட்சைத் தாள் திருத்த மாட்டேன், மீன் வாங்கப் போகமாட்டேன். பள்ளியில் என் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடம் நடத்துகிறேன். ஏன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்.

போன ஓண விடுமுறையில் கும்பளங்கியில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். மீன் வளர்க்கும் குளங்களுக்கு நடுவே உள்ள வரப்பில் எல்லோரும் பேசிக்கொண்டு நடந்தார்கள். அது எனக்கு வற்றும் வாரம். பாதி தூரத்தில் முன்னால் போனவர்களைப் பார்த்து, "கொஞ்சம் நில்லுங்க, எனக்கு மூச்சு வாங்குது," என்று உரக்கச் சொன்னேன்.

எல்லோரும் நின்றார்கள். நாத்தனார் திரும்பி வந்து என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தாள். எதிரே ஒருவர் வலையைத் தூக்கினார். இரண்டு மூன்று மீன்தான் இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு நான் எழுந்தேன், மற்றவர்களும் எழுந்தார்கள், மெதுவாக நடந்தோம்.