எந்த லயத்துக்கு எந்த ஞாயிறு

தையல் கடையில் துணியை வெட்டுவது சுலபம். யாருக்காக வெட்டுகிறோம் என்று தெரிந்துகொள்ளத்தான் நாள் பிடிக்கும். சின்னதாகக் கடை போட்டுத் தவித்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எழுபதுகளின் கடைசியில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் முதல் பட்டதாரியான நான், படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல், இலங்கை மலையகத்து மஸ்கெலியா டவுனில் இரண்டு மெஷினோடு கடை திறந்தேன். தைப்பவர் செபஸ்தியான் அண்ணன், மற்றதெல்லாம் நான். அப்பா தீபாவளி வரை தவணை கொடுத்திருந்தார். அதற்குள் கடை ஓடாவிட்டால் தோட்ட ஆபிசில் கணக்கெழுதும் கிளாக்கர் வேலைக்குப் போய்விட வேண்டும்.

ஞாயிறு விடுமுறை

வர்த்தகம் படித்தவன் அல்லவா? காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, ஞாயிறு விடுமுறை என்று பலகை எழுதி மாட்டினேன். மூன்று மாதம் ஈ ஓட்டினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறந்துவிட்ட குடையை எடுக்கப் போனால், பூட்டிய கதவின் முன் துணிப் பைகளோடு நாலைந்து பெண்கள். எங்கள் தோட்டத்து மாரியாயி அக்காவும் நின்றார். பலகையைக் காட்டி விளக்கினேன். அக்கா விடவில்லை.

"நாங்க கொழுந்து பறிக்க மலைக்குப் போற நாளெல்லாம் தொறந்து வச்சிட்டு, டவுனுக்கு வர்ற நாள்ல சாத்திடுவீங்களா? படிச்ச ஆளு யோசனையே வேறதான், தம்பி!"

கையடிக் கிழிசல்

ஞாயிறு திறந்ததும் கூட்டம் வந்தது. தைத்துக் கொடுத்த ரவிக்கைகளும் போன வேகத்திலேயே திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் கையடியில், அக்குள் ஓரத்தில், கிழிசல். செபஸ்தியான் அண்ணன் நூலைக் குறை சொன்னார், நான் துணியை. மாரியாயி அக்கா பொறுமை இழந்து, கடை நடுவில் நின்று, இல்லாத கொழுந்தை இரண்டு கையாலும் பறித்து, தோளுக்கு மேலால் முதுகுக் கூடைக்குள் வீசிக் காட்டினார். மிச்சத் தையலும் 'டர்' என்று போயிற்று.

என் அம்மாவும் கொழுந்து பறிப்பவர்தான். அந்தக் கை வீச்சின் கூலியில் படித்துப் பட்டம் வாங்கிய நான், அதை ஒரு நாளும் கவனித்ததில்லை. மறுநாள் முதல் கையடியில் சின்னதாக ஒரு நாற்கோணத் துண்டு வைத்துத் தைத்தோம். அடுத்த ஞாயிறு அக்கா அப்படித் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வந்து, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

"இதுதான் மலைக்குப் போற ரவுக்கை. முன்ன தச்சதெல்லாம் போட்டோ புடிக்கத்தான் சரி."

தீபாவளி நெருக்கம்

செய்தி பரவி, பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் துணி குவிந்தது. எல்லாருக்கும் தீபாவளிக்கு முன்பே வேண்டும். இரண்டு மெஷினால் அத்தனையும் முடியாது. "நாளைக்கு வாங்கன்னு சொல்லுங்க தம்பி, ஊர்ல எல்லா டெய்லரும் அப்படித்தான பொழைக்கிறான்?" என்றார் செபஸ்தியான் அண்ணன். எனக்குப் பொய் வராது. வந்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். பழைய பலகையைத் திருப்பி, எந்த லயத்துக்கு எந்த ஞாயிறு என்று எழுதினேன். அதற்கு மேல் வந்தவர்களைக் கைகூப்பித் திருப்பி அனுப்பினேன். மற்றவர்களுக்குச் சொன்ன ஞாயிறே துணி கிடைத்தது.

தீபாவளிக்கு முந்திய கடைசி ஞாயிறு அப்பா வந்தார். கிளாக்கர் வேலையைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். அவர் பெண்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று, முறை வந்ததும் ஒரு காக்கித் துணியை மேசையில் வைத்தார்.

"தீவாளிக்கு வேணாம். பொங்கலுக்கு நம்ம லயத்துக்கு எந்த ஞாயிறுன்னு பாத்துச் சொல்லு."

என் பட்டம் இன்றும் கடைச் சுவரில் தொங்குகிறது என்றாலும், வருகிறவர்கள் எல்லாரும் பக்கத்தில் இருக்கும் பலகையைத்தான் படிக்கிறார்கள்.