விட்டல் அங்கிளின் மடி

ஹீட்டருக்கு முன்னால் தோல் சூடேறும் வாசம் எங்கே வந்தாலும் எனக்கு விட்டல் அங்கிளின் நினைவுதான் வரும். எண்பதுகளின் கடைசியில் லண்டன் டூட்டிங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அவர். பள்ளிக்கூடப் படியே மிதிக்காமல், பம்பாய்க் கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கற்று, மராட்டியில் கதை எழுதி, பாட்டுக் கட்டி, ஆலைத் தொழிலாளர் கூட்டங்களில் 'டஃப்' என்ற தோல்மேளத்தைத் தட்டிப் பாடித் திரிந்த மனுசன். அவருடைய மகள் சுனந்தா என் உயிர்த்தோழி.

அந்த வருட விசயதசமிக்கு, வாடகை மண்டபத்தில் பாடவும், என் மூன்று வயதுத் தம்பிக்கு அரிசியில் முதலெழுத்து எழுதுவித்து 'ஏடு தொடக்கவும்' அப்பாதான் அவரை அழைத்தார். "எழுத்தாளர் எல்லே, ராசியான கை" என்று வீட்டில் ஒரே புளுகமும் பெருமையும். அங்கிளோ தமிழ் 'அ'வை என்னிடம் கேட்டு ஒரு கிழமையாக எழுதிப் பழகினார்.

மண்டப ஹீட்டருக்கு முன்னால் டஃபின் தோலைக் காய்ச்சிவிட்டு அவர் பாடியபோது, ஒரு சொல்லும் விளங்காமலே எங்கள் சனம் பக்திப்பாட்டென்று கைகூப்பியது, பொன்னாடையும் போர்த்தியது. பிறகு தம்பியை மடியில் இருத்தி, அரிசித் தட்டில் அவன் விரலை வைத்தார். அப்போது பார்த்து ஒரு பெரியவர், "பிள்ளை, அப்பா எந்தச் சாமியைப் பாடினவர்?" என்று சுனந்தாவைக் கேட்டார். சாமிப் பாட்டில்லை, படிக்க ஆசைப்பட்டுப் பள்ளிக்கூட யன்னலோரம் நின்ற தன் அப்பாவைத் தீண்டாச் சாதியென்று ஊரார் அடித்த கதை என்று அவள் பெருமையோடு இங்கிலீசில் சொன்னாள்.

அவ்வளவுதான். அப்பா விறுவிறென்று வந்து தம்பியை அந்த மடியிலிருந்து தூக்கினார். "பிள்ளைக்குப் பசிக்குது போல" என்றார், ஒருவர் முகத்தையும் பாராமல். அரிசி தரையெல்லாம் சிந்தியது. "என்னப்பா செய்யிறியள்?" என்று அம்மா சத்தம் போட்டார். தமிழராய்ப் பிறந்ததற்காகக் கொழும்பில் எங்கள் வீட்டை எரித்தார்களே என்று வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லி அழுத அதே அப்பா! கடவுளே, எப்படி மனம் வந்தது?

அங்கிள் பொன்னாடையைக் கதிரையில் மடித்து வைத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். சில மாதங்களில் வீடும் மாறிப் போய்விட்டார்கள்.

அந்த மண்டபம் இன்று அடுக்குமாடி. அங்கிளும் இல்லை. அவர் பாட்டுகளைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்களாம். பத்திரிகையில் படம் வந்ததும் அப்பா எல்லாருக்கும் காட்டி, "எங்கட பக்கத்து வீட்டுக்காரர், என்ர நல்ல கூட்டாளி" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்டைக்குத் தம்பியை அவற்ர மடியிலயிருந்து தூக்கினது ஆர் அப்பா?"

"எப்ப? நான் ஏன் பிள்ளை தூக்கப் போறன்?"

அவர் முகத்தையே பார்த்தேன். பொய் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையிலேயே நினைவில் இல்லை.