பேனரில் ஏறிய தம்பி

மதுரைக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, பேனர் அடித்தால் தாத்தா, அப்பா, அண்ணன், தம்பி என்று குடும்பத்துத் தலைகள் மொத்தமும் வரிசையில் வந்தாக வேண்டும். ஒரு தலை விட்டுப்போனால் போச்சு, பங்காளிச் சண்டைதான். பலுசிஸ்தான் தலைவர் ஒருவருக்கும் என் நண்பன் அப்படித்தான் பேனர் அடித்து வைத்திருந்தான்.

பாகிஸ்தானிலிருந்து பலுசிஸ்தானைப் பிரித்துத் தரக் கேட்டதால் நாட்டைவிட்டு ஓடி, ஐரோப்பாவில் தஞ்சம் புகுந்தவர் அவர். சிம்மக்கல்லில் ஒரு சின்ன மண்டபத்தில் நண்பன் நடத்திய கூட்டத்தில் வீடியோ வழியாகப் பேச ஒத்துக்கொண்டிருந்தார். பசுமலையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிற பாவத்துக்கு, மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது.

கூட்டம் தொடங்கும் முன் அவரை வீடியோ காலில் அழைத்து மேடையைக் காட்டினேன். சிரித்துக்கொண்டிருந்தவர், பேனரைக் கிட்டத்தில் காட்டச் சொன்னார். அவர் படத்துக்குப் பக்கத்திலேயே அவருடைய தம்பி.

அடப்பாவி! அந்தத் தம்பி ஊரிலேயே தங்கி, அரசாங்கத்தோடு சேர்ந்து மந்திரியானவர். அண்ணனும் தம்பியும் பேசியே பல வருடம் ஆகிறது. இதையெல்லாம் நண்பன் படித்திருந்தால்தானே?

"என்ன மாப்ள இது?" என்றேன்.

"கூடப்பிறந்தவனை விட்டுட்டு எப்படிடா பேனர் அடிக்கிறது? அம்புட்டுப் பேரையும் நெட்ல தேடி எடுத்தேன். காலையிலேயே ஃபேஸ்புக்ல போட்டாச்சு."

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பதறித்தான் போனார்.

"அதை உடனே எடுங்கள். அவன் ரகசியமாக என்னோடு இருக்கிறான் என்று அங்கே அரசாங்கத்தில் நினைத்துவிட்டால் அவனை உயிரோடு விடமாட்டார்கள்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேடைக்கு மேடை தம்பியைத் துரோகி என்று பேசுகிற மனிதருக்கு இந்தப் பதற்றம் எதற்கு? நண்பன் ஃபேஸ்புக்கில் படத்தை நீக்கினான். ஆனால் அதற்குள் யார் யாரோ பகிர்ந்திருந்தார்கள். அதை அவரிடம் சொன்னேன். "அப்படியானால் என் பேச்சை நேரலையில் விடுங்கள்" என்றார்.

தம்பி படத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிக் கூட்டத்தை ஆரம்பித்தோம். அவர் பேசிய பேச்சு இருக்கிறதே! விலைபோனவன், அப்பாவின் சவக்குழிக்கு ஒரு பிடி மண் போட வராதவன், எங்கள் அப்பனுக்கே பிறக்காதவன் என்று தம்பியைக் கிழித்தார். எனக்கு வாய் கூசியது. ஆனாலும் அத்தனையையும் தமிழில் சொன்னேன். கூட்டம் விசிலடித்தது. சவக்குழியைப் பற்றிச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த வெறுப்பு நடிப்பாக எனக்குத் தெரியவில்லை. தம்பியைக் காப்பாற்றத் திட்டினாரா, உள்ளே கிடந்தது கொட்டிவிட்டதா? இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

கூட்டம் முடிந்ததும் அவரே போனில் வந்தார்.

"எதையும் குறைக்காமல் சொன்னீர்களா?"

"சொன்னேன்."

"அப்பனுக்குப் பிறக்காதவன் என்றதையும்?"

"அதையும்தான் சார். நேரலையில் இருக்கிறது, எல்லாரும் பார்ப்பார்கள். உங்கள் தம்பியும் பார்ப்பாரே. சாகும்வரை உங்களை மன்னிக்க மாட்டார்."

"மன்னிக்க வேண்டாம்" என்றார். "உயிரோடு இருந்து என்னைத் திட்டட்டும்."