தறி நின்ற நாளில் காதில் விழுந்தது

ஏழு வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாதம். ஆரணி பக்கத்தில் முள்ளிப்பட்டில், கூடத்தில் தறி போட்ட எங்கள் வீட்டில் நடந்தது இது. எங்களுக்கு இரட்டைப் பெண்கள் பிறந்து ஐம்பது நாள் ஆகியிருந்தது. இன்று அவர்கள் பள்ளிக்கூடம் கிளம்பும் கூச்சலில் தெருவே எழுந்துகொள்கிறது. ஆனால் அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பால் பவுடர் வாசனைதான்.

இரண்டுமே எடை குறைவாகப் பிறந்தவை. பெரியவளாவது பரவாயில்லை, நாலு நிமிடம் பின்னால் வந்த சின்னவளைத் தூக்கவே எனக்குப் பயமாக இருக்கும். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ரெண்டுக்கும் ஒருத்தி பால் எப்படிப் பத்தும்?" நானும் நம்பிவிட்டேன். அன்றே மெடிக்கலுக்குப் போய் பவுடர் டின்னும் இரண்டு பாட்டிலும் வாங்கி வந்தேன்.

ஒத்தாசைக்கு இரண்டு பக்கத்திலும் பெரியவர்கள் யாரும் இல்லை. எல்லாம் நானேதான். குழந்தை சிணுங்கினால் போதும், தறியை விட்டு எழுந்து ஓடுவேன். வெந்நீர், பவுடர், பாட்டில். "நீ படு, நான் பாத்துக்கறேன்" என்று மனைவியிடம் சொல்வேன். தெருவில் என்னைப் புகழாதவர்கள் இல்லை. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

உண்மையைச் சொன்னால் இன்னொன்றும் இருந்தது. அவள் பால் கொடுக்க உட்கார்ந்தால் ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை இன்னொன்றை நான் தூக்கி வைத்திருக்க வேண்டும். பாட்டில் என்றால் சீக்கிரம் குடித்துவிட்டு இரண்டும் தூங்கிவிடும். நான் தறியில் உட்கார்ந்துவிடலாம்.

அவள் பால் கொடுப்பது குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்றேபோனது. சுரப்பு அவ்வளவுதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் தறியில் பாவு முடிந்தது. புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க ஒரு பெண் வந்திருந்தார். விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு, நாள் முழுக்கக் குனிந்து செய்கிற வேலை. என் மனைவி வயதுதான் இருக்கும். மதியம் சாப்பிட்டதும் குழந்தைகளைப் பார்க்க அவர் உள்ளே போனார். தறி ஓடிக்கொண்டிருந்தால் எனக்கு எதுவுமே கேட்டிருக்காது. அன்று ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"இன்னா அண்ணி, பால் கொடுக்கறத நிறுத்திட்டியா?"

"நான் எங்கக்கா நிறுத்தினேன்?" என்றாள் என் மனைவி. "அழுதா போதும், பாட்டிலோட வந்து நின்னுகினு இருப்பாரு. நான் எழுந்து உக்கார்றதுக்குள்ள அது குடிச்சிட்டுத் தூங்கிடும். மொதல்ல மாரு கட்டிகினு உயிரே போவும். இப்ப அந்த வலிகூட இல்லக்கா."

அழுதாள். பிரசவ வலியில்கூட அவள் அப்படி அழுது நான் கேட்டதில்லை.

வெளியே வந்த அந்தப் பெண், என் முகத்தைப் பார்த்ததுமே நான் கேட்டுவிட்டதைப் புரிந்துகொண்டார். "அண்ணா, கொழந்தை வாய் வச்சாத்தானே பால் ஊறும்? நீங்க வைக்கவே உடலியே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மறுபடி இழைகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

நான் உள்ளே போனேன். "நான் இன்னா செய்யணும், சொல்லு" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ண மடியில வச்சிகினு பக்கத்துல உக்காருங்க. அது போதும்."

மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு நர்ஸ் குழந்தைகளை எடை போட்டுப் பார்த்தார். பாட்டிலைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, ஒவ்வொரு தடவையும் முதலில் மாரில் போடுங்கள், எடை பார்த்துப் பார்த்துப் பாட்டிலைக் குறைக்கலாம் என்றார். இரண்டு பக்கமும் தலையணை வைத்து இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கொடுப்பது எப்படி என்றும் காட்டித் தந்தார். அடுத்த ஒரு மாதம் தறி பாதி நாள் சும்மாதான் கிடந்தது. சமைத்தேன், துணி துவைத்தேன், மீதி நேரமெல்லாம் அவள் பக்கத்தில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாளில் பெரியவள் அம்மாவிடம் திரும்பிவிட்டாள். சின்னவள் வரவே இல்லை. வாயருகே கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிடுவாள். இரண்டு மாதம் முயன்றுவிட்டு, ஒருநாள் என் மனைவியே "போதுங்க, பாட்டிலக் குடுங்க" என்று கை நீட்டினாள். இந்த முறை நிறுத்தியது அவள். பாட்டிலைப் பிடித்ததும் அவள் கைதான். பெரியவள் மாரில், சின்னவள் பாட்டிலோடு மடியில். வெயில் இறங்கும் நேரத்தில் மூவரும் அப்படியே கண் அசந்துவிடுவார்கள். அசைந்தால் எழுந்துவிடுவார்களே என்று நானும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். அந்தச் சாயங்காலங்களுக்காக மனசு இன்றும் ஏங்குகிறது.

இப்போதெல்லாம் யாருக்கு உதவப் போனாலும், "உனக்கு இன்னா வேணும்?" என்று முதலில் கேட்டுவிடுகிறேன். அந்த ஒரு கேள்வியை என் மனைவியிடம் கேட்க எனக்கு ஐம்பது நாள் ஆனது.