புள்ளி ஏற்கப்படாது

போன சனிக்கிழமை காலை, எதிர்வீட்டு மெய்யம்மை ஆச்சி எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் போன். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"தம்பி, நான் படிச்சது சரியான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

திரையில் சிவப்பில் இரண்டே சொற்கள்: 'புள்ளி ஏற்கப்படாது.'

"சரியாத்தான் படிச்சிருக்கீக ஆச்சி" என்றேன். அவர் அழுதேவிட்டார்.

நகரத்தார் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாணமான ஆணும் அவர் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. ஊர்க் கோயில் ஏட்டில் அந்தப் புள்ளி ஏறினால்தான், ஊரைப் பொறுத்தவரை அது ஒரு குடும்பம். ஆச்சியின் மகன் கண்ணப்பனுக்குத் தை மாதம்தான் கல்யாணம் ஆனது. பெங்களூரில் வேலை. இந்த வருஷம் முதல் ஏடு கிடையாது, எல்லாம் ஆப்தான் என்று கோயிலில் சொல்லிவிட்டார்கள். ஆச்சியும் ஆசை ஆசையாக, தாத்தா, அப்பா இனிஷியலோடு 'சித. வெ. கண்ணப்பன்' என்று டைப் செய்து பட்டனை அழுத்தியிருக்கிறார்.

புள்ளி ஏற்கப்படாது!

"மூணு தடவை அமுக்கிட்டேன் தம்பி. மூணு தடவையும் அதேதான் சொல்லுது. எம்மவன் என்ன குத்தம் செஞ்சான்?"

எனக்கு வியர்த்துவிட்டது. ஏனென்றால்... அந்த வாசகத்தை எழுதியவனே நான்தான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். "சார், ஒரு ஆப்புக்குத் தமிழ் வாசகம் வேணும். யூசர் எக்ஸ்பீரியன்ஸ்தான் எங்களுக்கு உயிர்" என்றார்கள். உயிர் எக்செல் ஷீட்டாக வந்து சேர்ந்தது. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் காலி. எது எந்தத் திரையில் வரும்? யார் படிக்கப்போகிறார்கள்? ஆப்தான் எதற்கு? மூச்! ஏதோ பேங்க் சமாசாரம் போல என்று நானும் கேட்கவில்லை. எழுபத்து மூன்றாவது வரியில் 'டாட்ஸ் நாட் அலவுட்' என்று இருந்தது. 'புள்ளி ஏற்கப்படாது' என்று எழுதினேன். என்ன ஒரு சுருக்கம் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். காரைக்குடிப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அன்றைக்குப் புத்தி எங்கே மேயப் போனதோ!

சரி, நான்தான் மடையன். அந்தக் கம்பெனிக்கு என்ன? புள்ளி வேண்டாம் என்றால் அதை ஆப்பே எடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? வீட்டுக்கு வந்தவர் செருப்போடு உள்ளே வந்தால் "செருப்பை அங்குட்டு விட்டுட்டு வாங்க" என்போம். 'செருப்பு ஏற்கப்படாது' என்று முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவோமா? சாஃப்ட்வேர் சாத்துகிறது. சாத்திவிட்டு, தப்பு உங்கள் மேல்தான் என்று சிவப்பு எழுத்தில் நோட்டீஸும் ஒட்டுகிறது.

"ஆச்சி, இது அந்தப் புள்ளி இல்லை. இனிஷியலுக்குப் பக்கத்துல வைக்கிற புள்ளியைச் சொல்லுது."

ஆச்சி திரையை உற்றுப் பார்த்தார். "கண்ணப்பன் பேருக்கு மேலயே மூணு புள்ளி இருக்கே... அதையும் எடுக்கணுமா?"

நியாயமான கேள்வி. எக்செல் ஷீட்டில் அதற்குப் பதில் கிடையாது.

இனிஷியல் புள்ளிகள் இரண்டையும் அழித்தேன். பட்டனை அழுத்தினேன். பச்சை டிக்! கண்ணப்பன் புள்ளி ஏறிவிட்டது. ஆச்சி சிரிப்பார் என்று பார்த்தால், தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி... இங்குட்டு வாரதுக்கு முன்னாடி நான் வீரப்பனுக்குப் போனைப் போட்டுட்டேன்."

வீரப்பன் ஆச்சியின் கணவருக்குப் பங்காளி. இந்த வருஷம் கோயில் காரியங்களைப் பார்ப்பவர். அவர்தான் வேண்டுமென்றே தன் மகன் புள்ளியைத் தள்ளிவிட்டார் என்று ஆச்சி முடிவு கட்டியிருக்கிறார். அந்த மனிதரோ, தலையும் புரியாமல் வாலும் புரியாமல், "கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றிருக்கிறார். போதாதா? பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டின் தேக்குக் கதவை யாருக்கும் சொல்லாமல் கழற்றி விற்றவர் வீரப்பனின் அப்பா... இருபது வருஷமாகத் தொண்டைக்குள் வைத்திருந்த அந்தப் பேச்சை ஆச்சி கொட்டிவிட்டார். வீரப்பன் போனை வைத்துவிட்டாராம்.

"நாளைக்குப் புள்ளையும் மருமகளும் கோயிலுக்கு வாராக. பங்காளி பக்கத்துல நிக்காம நான் எப்படித் தம்பி..." எனக்குத் தாங்கவில்லை.

அந்த வாசகத்தை எழுதியது நான்தான் என்று ஆச்சியிடம் ஒப்புக்கொண்டு, கம்பெனியில் எனக்கு வேலை கொடுத்தவரைக் கூப்பிட்டேன். பொறுமையாகக் கேட்டார். "வாசகத்தை அடுத்த வெர்ஷன்ல மாத்திடலாம் சார். பங்காளிச் சண்டை நம்ம ஸ்கோப்ல வராது."

"நீங்கதானே எழுதினீக? நீங்களே பேசுங்க" என்று ஆச்சி தன் போனை என் கையில் திணித்தார். வீரப்பன் எடுத்தார். இனிஷியல், எக்செல், எழுபத்து மூன்றாவது வரி என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

"சரி, புள்ளியை நீங்க எழுதினீக, தப்பா வந்துருச்சு. ஒத்துக்கிறேன்." பிறகு கேட்டார்: "எங்கப்பச்சி கதவை வித்தாகன்னு அவுக சொன்னாகளே... அதை யாரு எழுதிக் குடுத்தா?"

எதிரே ஆச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுவும் நான்தாண்ணே" என்றேன். "அதுவும் மொழிபெயர்ப்புல வந்த பிழைதான்."